கல்லில் கடைசிப் பெயர்

எங்கள் பாகூர் வேதாம்பிகை கலாசாலைக்கு வெள்ளிவிழா நடந்தபோது ஒரு மலர் அச்சடித்தார்கள். அதில் பேர் பெற்ற ஆசிரியர்கள், பேர் பெற்ற மாணவர்கள் என்று பதினேழு பேரைப் பற்றி எழுதியிருந்தது. சைகோனில் டாக்டராக இருப்பவர், காரைக்காலில் வக்கீலாக இருப்பவர், புராணப் பிரசங்கத்தில் பேர் வாங்கியவர் எல்லாரும் அதில் உண்டு. பதினோராம் பக்கத்தில் இப்படி நாலு வரி: "திரு. த. நடேசன். இக்கலாசாலையின் முதல் மாணவர். இங்கிருந்து முதன்முதலில் பிரவே பரீட்சை தேறியவர். இருபது ஆண்டுகளாக இங்கேயே பிரெஞ்சும் கணக்கும் போதித்து வருகிறார்."

அந்த நாலு வரியில் பேரைத் தவிர மற்றதெல்லாம் நிஜம். அந்தப் பேருக்கு உடையவர் பால்குடி மறக்கிற வயசிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் அந்தக் கலாசாலையில் மணி அடிக்கிறவன். அஞ்சாவதோடு என் படிப்பு நின்றது. மலருக்கு எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். ஆனாலும் மூலநாதர் சந்நிதியில் கை கூப்பும்போதெல்லாம் அந்த நாலு வரி நெஞ்சில் முள்ளாக நின்றது. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேரில் மட்டும் பிழை இருக்காது. அவர் பேர் உலகநாதன்.

அவர் அப்பா தணிகைவேல், ஏரிக்குக் கீழே ரெண்டு காணி நஞ்சை வைத்திருந்தவர். தலைச்சன் பிள்ளை பிறந்ததும் பிரெஞ்சு சர்க்காருக்காகப் பிறப்பு இறப்பு பதிகிற மேரி ஆபீசுக்கு நடந்து போய், நடேசன் என்று பிறப்பைப் பதிந்து, முத்திரை போட்ட காகிதம் வாங்கி வந்தார். ஒன்றரை வயதில் அந்தக் குழந்தைக்கு அம்மை வார்த்தது, தங்கவில்லை. பிறப்பைப் பதிய ஓடியவர் சாவைப் பதியப் போகவில்லை. "செத்த புள்ளைய எழுதி வெக்க எந்த அப்பன்யா போவான்?" என்று பின்னாளில் கேட்டிருக்கிறார். தலைச்சன் பிறந்து மூணு வருஷம் கழித்து அடுத்த பிள்ளை பிறந்தது. அம்மா சின்னபொண்ணு, கோயிலில் வேண்டிக்கொண்டபடி உலகநாதன் என்று பேர் வைத்தார்கள். தணிகைவேல் இந்தத் தடவை மேரி ஆபீசுக்கே போகவில்லை. "ஆம்பளப் புள்ளைன்னு ஒரு காயிதம் குடுத்தான். இதுவும் ஆம்பளப் புள்ளதானே. வூட்ல இருக்கிற காயிதத்த வுட்டுட்டு இன்னொன்னு எதுக்கு?" என்பது அவர் நியாயம்.

இதைப் படித்துச் சிரிக்காதீர்கள். நம் கொம்யூன் கிராமங்களில் அந்தக் காலத்தில் பல வீட்டில் இதுதான் நடந்தது. அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொள்வதுபோல அண்ணன் காகிதத்தையும் தம்பிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் காகிதம் கேட்டார்கள். அரிசிப் பானைக்குள்ளிருந்து அது வெளியே வந்தது. நானும் அவரும் ஒரே பலகையில் உட்கார்ந்தவர்கள். வாத்தியார் "நடேசன்!" என்று கூப்பிட்டால் உலகநாதன் பாட்டுக்கு ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான்தான் விலாவில் இடித்து, "உன்னத்தான்டா, எழுந்திரு" என்பேன். போகப் போகப் பழகிவிட்டது. வீட்டில் உலகநாதன், வெளியே நடேசன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில் ஊர்ப் பெரியவர் சண்முகசுந்தரம் கலாசாலையைத் தொடங்கினார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தி ராஜா இந்த ஊர் வித்தியாஸ்தானத்துக்கு மூணு கிராமம் எழுதிக் கொடுத்ததாகச் செப்பேடு இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு கலாசாலை இல்லாமல் இருக்கலாமா என்று கேட்டு, தன் நெல் களத்திலேயே கட்டடம் எழுப்பினார். தமிழ், சமஸ்கிருதம், தர்க்கம், பிரெஞ்சு, கணக்கு. அஞ்சு வாத்தியார்கள், முப்பது பிள்ளைகள். சேர்க்கைப் புத்தகத்தில் முதல் வரி, த. நடேசன். அடுத்த வாரமே நான் மணிக்கயிற்றைப் பிடித்தேன்.

அவர் பாடம் நடத்தத் தகுதி கொடுக்கிற பிரவே பரீட்சை தேறினதும் அங்கேயே வாத்தியார் ஆனதும் எல்லாருக்கும் தெரியும். அபிஷேகப்பாக்கத்திலிருந்து கனகாம்பாளைக் கட்டினார். மேரி ஆபீசில் கல்யாணப் பதிவும் நடேசன் பேரில்தான். "ரெஜிஸ்தர்ப்படி நான் உன் புருஷனுக்கு அண்ணன், மச்சாண்டார்தான் போ" என்று அவர் கேலி செய்தால் அந்தம்மா காதைப் பொத்திக்கொண்டு, "சிவ சிவா, நாக்கு அழுவிடும்" என்பார்.

கனகாம்பாள் நாலாவது வரை படித்தவர், பக்தி மிகுந்தவர். புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்பதில் அப்படி ஒரு கண்டிப்பு. வெள்ளிக்கிழமை பஜனையில் எல்லாரும் "உலகநாதா" என்று கூட்டமாகப் பாடும்போது அவர் வாய் மட்டும் மூடியிருக்கும்; அடுத்த சொல்லில் வந்து சேர்ந்துகொள்வார். ஆனால் பையன்கள் வாசலில் வந்து "நடேசன் சார் இருக்காரா?" என்று கேட்டால், "நடேசன் சார் கழனிக்குப் போயிருக்காரு, ஒக்காருங்கப்பா" என்று தடங்கல் இல்லாமல் சொல்லுவார். இதை நாங்கள் யாரும் ஒரு விஷயமாக நினைத்ததில்லை.

நாற்பத்தாறில் வெள்ளிவிழா. பெரியவர் காலமாகி அவர் மகன் கோவிந்தராஜ் நிர்வாகம் பார்த்துவந்தார். முன்கூடத்தில் ஆறடிக் கருங்கல் ஒன்றை நட்டு, பேர் பெற்ற பதினேழு பேரையும் அதில் வெட்டி வைத்தார்கள். விழாவுக்கு முதல் நாள் மத்தியானம் உலகநாதன் தன் அம்மாவையும் சம்சாரத்தையும் கூட்டி வந்தார். சாவி என்னிடம் இருந்தது. நான்தான் துணியை விலக்கிக் காட்டினேன்.

"படிடி கனகா" என்றார் சின்னபொண்ணு அம்மாள். எழுத்தே தெரியாதவர். மருமகள் விரலை வைத்து மேலிருந்து ஒவ்வொரு பேராகப் படித்துக்கொண்டே வந்தார். எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது. பதினொன்றாவது நடேசன். அதையும் படித்தார். பதினேழும் முடிந்தது.

"எம் புள்ள பேரு எங்கடி?"

"படிச்சேனே, அத்தை. பதினொன்னாவது."

"நீ எல்லாத்தையும் வாயத் தொறந்து சொல்லிட்டியேடி. அப்போ அதுல அவன் பேரு இல்ல."

கனகாம்பாள் விரல் கல்லிலேயே நின்றுவிட்டது. கிழவி மகனைத் திரும்பிப் பார்த்தார். "நடேசன்னா வெட்டி வெச்சிருக்கானுங்க? அவன் ஒரு எழுத்து படிச்சானாடா? பால் கேட்டு அழத் தெரியும், அவ்ளோதான் அவனுக்கு. எண்ணெ வெளக்குல கண்ணு எரிய எரியப் படிச்சவன் நீ. உன்ன எங்கடா கொண்டுபோய் வெச்சானுங்க?"

உலகநாதன் கையில் அப்பியிருந்த சாக்பீஸ் தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டு நேராக நிர்வாகி அறைக்குப் போனார். கதவு திறந்திருந்தது. எனக்கு எல்லாம் கேட்டது.

"ஐயா, கல்லுல என் பேரு தப்பா இருக்குது."

"எழுத்துப் பிழையா, வாத்தியாரே?"

"ஆளே பிழைங்க."

விஷயத்தைச் சொன்னார். கோவிந்தராஜ் கெட்டவர் இல்லை. மறுநாள் விழாவை நினைத்துப் பயந்தவர். "இருபது வருஷமா அந்தப் பேர்லதானே இருந்தீங்க? கல்லப் பாத்ததும் ரோஷம் வந்துடுச்சா?"

"ஆமாங்க. லேட்டாதான் வந்துச்சு. ஆனா வந்துடுச்சு."

"யோசிச்சிப் பேசுங்க. பிரவே பத்திரம் நடேசன் பேர்ல. நடேசன் செத்துட்டான்னு நீங்களே சொன்னா அந்தப் பத்திரமும் செத்துப்போச்சு. அப்புறம் எந்தத் தகுதியில இங்க பாடம் நடத்துவீங்க? கல்லு பாட்டுக்கு நின்னுட்டுப் போவட்டும், வுடுங்க."

"கல்லு நிக்கும்ங்க. நான் செத்தப்புறமும் நிக்கும். அதனாலதான் வுட மாட்டேன்."

"அப்போ கோர்ட்டுக்குப் போய் பேரை வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் கிளாசுக்குப் போவக் கூடாது."

உலகநாதன் சட்டைப் பையிலிருந்த சாக்பீசை எடுத்து மேசைமேல் வைத்தார். "பத்திரமா வெச்சிருங்க. திரும்பி வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் விழா. பந்தல் நிறைய ஜனம். கல்லில் இருந்தவர்களில் ஊரில் இருப்பவர்களை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். "திரு. நடேசன்" என்றார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. ரெண்டாம் தரம் கூப்பிட்டார்கள். உலகநாதன் ரெண்டாவது வரிசையில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். பின்னால் இருந்த பையன்கள் "சார், உங்களத்தான்" என்று தோளைத் தொட்டார்கள். மூணாம் தரம் கூப்பிட்டபோது எழுந்தார். மேடைக்குப் போகவில்லை, நின்ற இடத்திலிருந்தே சொன்னார்.

"நடேசன் எங்க அண்ணன். ஒன்றரை வயசுல தவறிட்டாரு. அவருக்கு வெச்சிருக்கிற மாலைய எங்க அம்மாகிட்ட குடுங்க. முன்னாடிதான் ஒக்காந்திருக்காங்க."

மேடையில் இருந்தவர்கள் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சின்னபொண்ணு அம்மாள் தானே எழுந்து போய் மாலையை வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் அதை ஏரியில் விட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

அதற்கப்புறம் ஊர் வாய் சும்மா இருக்குமா? டீக்கடைக்குப் போனால், "செத்தவன் வந்துட்டாம்பா, ஒரு டீ போடு" என்பார்கள். உலகநாதன் அசரமாட்டார். "சக்கரைய தூக்கலாப் போடு, நாயரே. மேலோகத்து ரேஷன்ல சக்கரையே குடுக்கலை" என்று பதில் சொல்லிவிட்டு உட்காருவார். வகுப்புக்குப் போகாத அந்த நாட்களில் ஏர் ஓட்டினார். பையன்கள் கணக்கைத் தூக்கிக்கொண்டு வரப்புக்கே வந்தார்கள். கலாசாலைக்குள் நடத்தத்தானே தடை, கழனிக்குத் தடை இல்லையே என்று சேற்றுக்காலோடு சொல்லிக்கொடுத்தார்.

நாலு மாசத்தில் புதுச்சேரி கோர்ட்டில் கேசு வந்தது. உள்ளூர் சாட்சிகள் ஏழு பேர் போனோம், நான் மூணாவது. சின்னபொண்ணு அம்மாளுக்குக் கால் வீங்கிப் படுத்துவிட்டதால் வர முடியவில்லை. நீதிபதி வெள்ளைக்காரர், கனமான மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் கோட்டு போட்ட மொழிபெயர்ப்பாளர்.

நாங்கள் ஏழு பேரும் ஒரே மாதிரி சொன்னோம். அதுவே வினையாகிவிட்டது. "ஏழு பேரும் பாடம் ஒப்பிக்கிறார்கள். நாற்பது வருஷத்துக்கு முன்பு ஒரு குழந்தை செத்ததற்கு ஒரு வரிகூடப் பதிவு இல்லை. இந்த மனிதருக்கு வயதில் மூன்று வருஷம் குறைத்துக்கொள்ள ஆசை, அவ்வளவுதான்" என்று நீதிபதி சொன்னதாக மொழிபெயர்ப்பாளர் சொன்னார். நான் சொன்னது சத்தியம். அது பொய் மாதிரி கேட்டுவிட்டது.

பேர் மாறினால் கல்யாணப் பதிவும் மாறும், அதற்குச் சம்சாரத்தின் சம்மதம் வேண்டும் என்று கனகாம்பாளைக் கூப்பிட்டார்கள்.

"இந்தாம்மா, உன் புருஷன் பேரு இன்னா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பேரு கேக்குறாரு, சொல்லு. நடேசன்தானே?"

"நடேசன் இல்லீங்க."

"பின்ன இன்னா பேரு?"

"அத நான் சொல்லக் கூடாதுங்க."

சுற்றி நின்ற குமாஸ்தாக்கள் சிரித்துவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளருக்குக் கோபம். "சொல்ல மாட்டேன்னா எதுக்கும்மா இவ்ளோ தூரம் வந்தே? கோர்ட்டுக்குன்னு ஒரு மட்டு மரியாத வேணாமா?"

கனகாம்பாள் நிமிர்ந்தார். இருபது வருஷத்தில் அந்தம்மா அப்படி நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

"நடேசன்னு எத்தினி தரம் வேணா சொல்றேங்க. நடேசன், நடேசன், நடேசன். போதுமா? இருவது வருஷமா வாசல்ல நின்னு சொல்லிட்டு இருக்கேன், நடேசன் சார் குளிக்கிறாரு, நடேசன் சார் வெளிய போயிருக்காருன்னு. தெருவே கேட்டிருக்குது. கட்டுன புருஷன் பேரா இருந்தா என் வாய்ல அது வருமா? நீங்களும் தமிழு ஆளுதானே, உங்க வூட்டம்மா உங்க பேரச் சொல்லுவாங்களா? அந்தத் தொரைக்கு எடுத்துச் சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் துரையிடம் வெகுநேரம் பேசினார். கையை ஆட்டி ஆட்டி, தன் வீட்டையே காட்டுகிற மாதிரி பேசினார். துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு ஏதோ கேட்டார்.

"அப்படின்னா நிஜமான பேரை இப்ப ஒரே ஒரு தரம் சொல்லச் சொல்றாரும்மா. சொல்லிட்டா முடிஞ்சுது. சொல்லலேன்னா கேசு போனாலும் போவும்."

கனகாம்பாள் புருஷனைப் பார்த்தார். "ஒரு வார்த்ததானே, சொல்லிடும்மா" என்று என் பக்கத்துச் சாட்சி முணுமுணுத்தார். உலகநாதன் மெதுவாக, "உன் இஷ்டம் கனகா" என்றார்.

"சொல்ல மாட்டேங்க" என்றார் அந்தம்மா. "நான் சொல்லிட்டா அதுவும் நடேசன் மாதிரி ஆயிடும். ஏழு பேரு வந்து அண்ணன் பேரு ஒன்னு, தம்பி பேரு ஒன்னு சொல்லியிருக்காங்களே, அதுல நான் சொல்லாத பேரு எதுவோ அதான் அவரு பேரு. எழுதிக்கச் சொல்லுங்க."

துரை அதைக் கேட்டுவிட்டு எங்களைப் பார்த்தார், அந்தம்மாவைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். மூணாவது வாரம் தீர்ப்பு வந்தது. நடேசனின் சாவு நாற்பது வருஷம் கழித்துப் பதிவானது. அதே நாளில் உலகநாதன் பிறந்ததும் பதிவானது.

தீர்ப்பைக் கொண்டுபோய்க் காட்டினபோது கோவிந்தராஜ் நாற்காலியை விட்டு எழுந்துதான் வாங்கினார். ஆனால் சொன்னது இது: "பேரு கெடைச்சுது, சந்தோஷம். ஆனா உலகநாதன்னு ஒருத்தர் எந்தப் பரீட்சையும் எழுதலையே, வாத்தியாரே. பத்திரமெல்லாம் அண்ணனோடது."

"எழுதலைங்க. எழுதுறேன்."

"எது, பிரவேயா?"

"அதுக்கு முன்னாடி செர்த்திபிக்கா இருக்குதே. அதுலேர்ந்து."

கோவிந்தராஜ் சிரித்தார். அது பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள் எழுதுகிற பரீட்சை. உலகநாதன் சிரிக்கவில்லை.

அடுத்த ஜூன் மாசம், முப்பத்தொன்பது வயசில், அவர் புதுச்சேரியில் அந்தக் குட்டிப் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்தவன் வரப்பில் அவரிடம் கணக்குக் கற்ற பயல். அவன் பாதியில் மெல்ல, "சார், நாலாவது கணக்கு..." என்று இழுக்க, "இன்னைக்கு நான் சார் இல்லடா, உன் பக்கத்து பெஞ்சு. பேசாம எழுது" என்றாராம். மேற்பார்வைக்கு வந்தவர் நாகராஜன், உலகநாதனிடமே படித்து வேலைக்குப் போனவர். இவர் விடைத்தாளை நீட்டும்போது அவர் எழுந்து நின்று வாங்குகிறார் என்று பிள்ளைகளுக்கெல்லாம் வேடிக்கை. "ஒக்காருப்பா, மார்க்கு கொறச்சிடப் போறாங்க, எனக்கு இல்ல, உனக்கு" என்றாராம் உலகநாதன். பேச்சில் அவர் எப்போதும் இப்படித்தான். தேறினார். மறுவருஷம் பிரவேயும் தேறினார். பழைய பரீட்சையில் வாங்கினதைவிட ஒன்பது மார்க்கு அதிகம்.

இதற்குள் கலாசாலைக்குப் பிரெஞ்சு வாத்தியார் மூணு பேர் வந்து மூணு பேரும் போய்விட்டார்கள். கோவிந்தராஜ் என்னைத்தான் தூது அனுப்பினார். நான் கழனிக்குப் போய்ச் சொன்னேன். உலகநாதன் கலப்பையை நிறுத்தவேயில்லை.

"வாயால கூப்பிட்டா வர மாட்டேன்னு சொல்லு மாரிமுத்து. கடுதாசி வரணும். மேல என் பேரு இருக்கணும்."

கடுதாசி வந்தது. திரு. த. உலகநாதன் என்று இருந்தது. மேசையில் ரெண்டு வருஷமாகக் கிடந்த அந்த சாக்பீசை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். நான் மணி அடித்தேன். ஒரு அடி அதிகமாக அடித்துவிட்டேன் என்று தலைமையாசிரியர் கோபித்துக்கொண்டார்.

கல்லுக்குத் தச்சன் வந்தான். பதினொன்றாவது பேரைக் கொத்தி எடுத்துவிட்டு அங்கேயே புதுப் பேரை வெட்டலாம் என்றார் கோவிந்தராஜ். உலகநாதன் ஒத்துக்கொள்ளவில்லை. "பேரைக் கொத்தி எடுங்க, எடத்த வெறுமனே வுடுங்க, அது எங்க அண்ணன் எடம். அவர் மேல ஏறி நிக்கிற பழக்கம் போதும். கல்லுல மொதப் பத்தும் பழைய வாத்தியாருங்க, அதுக்குக் கீழ படிச்சவங்க பேரு தேறுன வருஷப்படி வரிசையா இருக்குது. உலகநாதன் தேறுனது நாப்பத்தெட்டுல. கடைசியில வெட்டுங்க" என்றார். அவரிடம் படித்தவர்கள் பேரெல்லாம் மேலே, அவர் பேர் எல்லாருக்கும் கீழே. "வாத்தியார் பேரு மாணாக்கன் காலடியிலயா?" என்று யாரோ கேட்டார்கள். "காலடியில இருந்தாலும் என் எடம்" என்றார்.

பேர் வெட்டி முடித்த அன்று மத்தியானம் மறுபடியும் அதே மூணு பேரும் வந்தார்கள். சின்னபொண்ணு அம்மாள் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். பதினொன்றாவது இடத்தில் பேரைக் கொத்தி எடுத்த பள்ளம் சொரசொரப்பாக இருந்தது. கிழவி அதில் கொஞ்ச நேரம் உள்ளங்கையை வைத்திருந்தார். பிறகு, "படிடி" என்றார்.

கனகாம்பாள் மேலிருந்து படித்துக்கொண்டே வந்தார். குரல் கூடம் பூரா கேட்டது. பள்ளத்தைத் தாண்டி, பன்னிரண்டு, பதின்மூன்று என்று கீழே இறங்கி, பதினேழும் படித்தார். அதற்கும் கீழே புதுசாகக் கொத்தின வெள்ளை எழுத்தில் விரலை வைத்தார். வாய் மூடிக்கொண்டது.

கிழவி ஒரு நிமிஷம் காத்திருந்தார். மருமகள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அந்த விரல் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஆங். இதான் எம் புள்ள."